பின்சுவர் வரை: ஒரு லைன் டான்ஸ் ஆசிரியையின் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய், ஆஸ்டின், டெக்சஸ்

புது வகுப்பு இன்று தொடங்கிவிட்டது. இந்தக் கூடத்தில் மரத்தரை இருப்பதே பெரிய நிம்மதி. கான்கிரீட்டின் மேல் டைல்ஸ் ஒட்டிய தரையில் ஒரு மணி நேரம் ஆடினால் முழங்கால் இரண்டு நாளைக்கு வலிக்கும். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் காலில் பூட்ஸ், மீதிப் பேருக்கு ஓடுகிற ஷூ. ரப்பர் அடி தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் அகப்படுவது முழங்கால். அதற்காகவே என் பையில் பழைய காலுறைகள் எப்போதும் கிடக்கும். ஷூவின் முன்பாதிமேல் மாட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு திரும்பலாம்.

லைன் டான்ஸ் என்றால் என்ன என்று ஊரிலிருந்து கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லாரும் வரிசை வரிசையாக ஒரே பக்கம் பார்த்து நின்று, ஒரே அடவை ஒரே நேரத்தில் ஆடுவது. ஜோடி தேவையில்லை. ஒவ்வொரு நடனத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: எத்தனை எண்ணிக்கை, எத்தனை சுவர். 32 எண்ணிக்கை, நான்கு சுவர் என்றால், 32 தட்டு முடியும்போது கால்வட்டம் திரும்பியிருப்போம். அதே அடவை அடுத்த சுவரைப் பார்த்து முதலிலிருந்து ஆடுவோம்.

முதல் பாடமாக எலக்ட்ரிக் ஸ்லைடு. ரிக் சில்வர் 1976இல் அமைத்தது. வலப்பக்கம் ஒரு கிரேப்வைன் (ஒரு காலை மற்றதன் பின்னால் வைத்துப் பக்கவாட்டில் நகர்வது), இடப்பக்கம் ஒன்று, பின்னால் மூன்றடி, முன்னும் பின்னும் ஓர் ஆட்டம், இடப்பக்கம் கால்வட்டத் திருப்பம். பரவலாக ஆடும் வடிவத்தில் மொத்தம் 18 எண்ணிக்கை.

ரவுண்ட் ராக்கிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவை அழைத்து வந்திருந்தாள். ஆறு மாத விசாவில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கிறார்; வயது எழுபதை நெருங்கும். "அம்மா சும்மா உக்காந்து பாப்பாங்க, பரவால்லியா மேடம்?" என்றாள் பெண். பாட்டு தொடங்கி மூன்றாவது சுவருக்குள் அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். காலுறையை நானே மாட்டிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இரவு பதினொரு மணிக்குக் கராஜில் பயிற்சி. வீட்டுக்காரர் தூங்கப் போய்விட்டார். அடவுத் தாள்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்தேன், மைக்கின் பேட்டரியை மாற்றினேன், ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றினேன். இந்த வேலையில் ஆடுகிற நேரத்தைவிட இதற்கெல்லாம் போகிற நேரம் அதிகம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. நாளெல்லாம் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவளுக்கு இந்தக் கராஜின் ஒரு மணி நேரம் போதும், அடுத்த நாளைக்குத் தெம்பு வந்துவிடும்.

பயிற்சி காலுக்கு மட்டுமில்லை, குரலுக்கும்தான். அடவின் பெயரை அது வருகிற தட்டில் சொன்னால் பயனில்லை; கேட்டவர் கால் எடுப்பதற்குள் அது போயிருக்கும். ஏழாவது, எட்டாவது தட்டிலேயே அடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். கால் ஒரு அடவில் இருக்கும்போது வாய் அடுத்த அடவில் இருக்க வேண்டும். புது நடனமாக இருந்தால் இது பழகவே பல இரவுகள் ஆகும்.

இன்னொன்று, எப்படி நிற்பது. வகுப்புக்கு முதுகு காட்டி நின்றால் என் இடதுதான் அவர்கள் இடது. முகம் காட்டி நின்றால் "இடது" என்று சொல்லிக்கொண்டே நான் வலதுகாலை எடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால்தான் யார் திணறுகிறார் என்று தெரியும். அதனால் இரண்டும் வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பின்சுவர் நாள். எந்தப் புது வகுப்பிலும் இரண்டாம் வாரம் இது வரும்.

முன்சுவரில் எல்லாரும் நன்றாக ஆடுவார்கள், ஏனென்றால் முன்னால் நான் இருக்கிறேன். ஒரு திருப்பம் ஆனபின் கடைக்கண்ணில் தெரிவேன். இரண்டாவது திருப்பத்தில் நான் எல்லாருக்கும் பின்னால் போய்விடுவேன். அதுவரை கடைசி வரிசையில் ஒளிந்திருந்தவர்கள் சட்டென்று முதல் வரிசை ஆகிவிடுவார்கள். பார்க்க யாரும் இல்லை, எதிரே வெறும் சுவர். கால்கள் அப்படியே நிற்கும். தலைகள் மட்டும் திரும்பி என்னைத் தேடும்.

இதற்கு வழக்கமான மருந்து, நன்றாக ஆடுகிறவர்களை நான்கு மூலையிலும் நிறுத்துவது. நானும் செய்வேன். ஆனால் அதையே கடைசிவரை செய்துகொண்டிருந்தால் அவர்கள் ஆடப்போவது என் நடனம்தான், அவர்களுடையது ஆகாது. அதனால் இன்று பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரையும் பின்சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, அங்கிருந்தே தொடங்கினேன். முணுமுணுப்பு எழுந்தது. நான்கைந்து தடவைக்குப் பிறகு தலைகள் திரும்புவது குறைந்தது.

அந்த அம்மா மட்டும் முதலிலிருந்தே திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கேட்டேன், எப்படி எண்ணுகிறீர்கள் என்று.

"எண்ணலையே டீச்சரம்மா. எண்ணிக்கிட்டே ஆடுனா பாட்டு எப்படிக் காதுல விழும்?"

சிறுவயதில் கும்மி அடித்திருக்கிறாராம். நானும் அதைத்தான் நினைத்தேன். கும்மியிலும் ஜோடி கிடையாது, எல்லாருக்கும் ஒரே அடவு. ஆனால் கும்மி வட்டத்தில் எதிரே இருப்பவர் எப்போதும் கண்ணில் படுவார். பின்சுவர் என்று ஒன்று அங்கே இல்லை. இந்த அம்மா கண்ணை நம்பவில்லை, காதை நம்புகிறார்.

எலக்ட்ரிக் ஸ்லைடுக்கு அதுதான் சரியான வழி. பாட்டு எட்டு எட்டாக நடக்கிறது, நடனமோ பதினெட்டு. ஒவ்வொரு சுவரும் பாட்டின் வேறொரு இடத்தில் தொடங்கும். எட்டு எண்ணிப் பழகியவர்கள் இரண்டாம் சுவரிலேயே தடுமாறுவது இதனால்தான். நான்கு சுவரும் முடிந்தால் 72, ஒன்பது எட்டு. முன்சுவருக்குத் திரும்பும்போது நடனமும் பாட்டும் மறுபடி ஒன்று சேரும். இதை முதன்முதலில் கண்டுகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வீட்டுக்காரரோடு புரோக்கன் ஸ்போக். ரோடியோ நடக்கும் நாட்கள், தெருவெல்லாம் தொப்பிகள். சவுத் லமார் தெருவில் 1964இல் ஜேம்ஸ் வைட் திறந்த நடனக் கூடம் இது. அவர் 2021இல் காலமானார். சுற்றிலும் பெரிய அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன, நடுவில் இந்தச் சிவப்புக் கட்டடம் மட்டும் தாழ்ந்த கூரையோடு அப்படியே நிற்கிறது.

இங்கே ஜோடியாக ஆடும் டூ-ஸ்டெப்தான் ராஜா. வேகம், வேகம், நிதானம், நிதானம். எல்லா ஜோடியும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தளத்தைச் சுற்றும். நான் வகுப்பில் சொல்லித் தருவது லைன் டான்ஸ்தான் என்றாலும், கண்ட்ரி நடனத்தின் உயிர் இந்தச் சுற்றில் இருக்கிறது என்று நம்புகிறேன். இதை ஆடிப் பார்க்காதவர் லைன் டான்ஸில் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைப்பார். ஆடியவர் வழுக்கி வைப்பார்.

மார்ச் 18, செவ்வாய்

கவ்பாய்கள் மாடு மேய்த்த காலத்திலேயே வரிசையில் ஆடினார்களா என்று ஒருவர் கேட்டார். அழகான கற்பனை. ஆனால் வரலாறு வேறு. டெக்சஸ் கூடங்களுக்கு ஜெர்மானிய, செக் குடியேறிகள் கொண்டுவந்தவை போல்கா, வால்ட்ஸ், ஷாட்டிஷ் என்ற ஜோடி நடனங்கள். வரிசை நடனத்துக்கு வேறு வேர்கள் உண்டு. ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் 1950களின் இறுதியில் பிறந்த மாடிசன் அதில் ஒன்று. பிறகு டிஸ்கோ காலம். கருப்பின மக்களின் குடும்ப விழாக்களில் எலக்ட்ரிக் ஸ்லைடு இல்லாமல் இருக்காது. 1980இல் ஹூஸ்டன் பக்கத்து கில்லீஸ் கிளப்பை வைத்து எடுத்த 'அர்பன் கவ்பாய்' படம் நாடு முழுக்க பூட்ஸ் மாட்டவைத்தது. 1992இல் பில்லி ரே சைரஸின் 'ஏக்கி பிரேக்கி ஹார்ட்' பாட்டுக்கு மெலனி கிரீன்வுட் அமைத்த நடனம் கடல் கடந்து போனது. எத்தனையோ பேர் சேர்ந்து கட்டியதை ஒரே தொப்பியின் கீழ் அடக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் அதை அழுத்தமாகவே சொன்னேன்.

மார்ச் 22, சனி

கிரீன் ஹால் (Gruene Hall). வழியெல்லாம் புளூபானெட் பூத்திருக்கிறது.

1878இல் கட்டிய கூடம். தகரக் கூரை, ஏசி கிடையாது. பக்கவாட்டுப் பலகைகளைத் தூக்கிவிட்டால் காற்று வரும். தேய்ந்து தேய்ந்து வழவழப்பான தரை. இங்கே யாருக்கும் காலுறை தேவைப்படவில்லை.

கிளம்பும் முன்பே வகுப்புக்குச் சொல்லியிருந்தேன்: ஓரம் முழுக்கச் சுற்றும் ஜோடிகளுக்கு, வரிசை கட்டுகிறவர்களுக்கு நடுத்தளம் மட்டும். அவர்கள் பாதையை மறிக்கக் கூடாது. மேடையில் ஆள் வாசிக்கும்போது பதிவுப் பாட்டின் வேகம் இருக்காது, ஒரு பல்லவி கூடும், ஒன்று குறையும். அதனால்தான் டேக் (இடையில் சேர்க்கும் கூடுதல் அடவு), ரீஸ்டார்ட் (பாதியில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்குவது) எதுவும் இல்லாத நடனமாக எடுத்துக்கொண்டோம்.

நடுத்தர வேகத்தில் ஒரு பாட்டு வந்ததும் எங்கள் ஆட்கள் இறங்கினார்கள். முதல் இரண்டு சுவருக்கு நானும் நின்றேன், பிறகு ஓரத்துக்கு வந்துவிட்டேன். டிரம்ஸ்காரர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். அடுத்த சுற்றில் பின்சுவர் வந்தபோது அந்த அம்மா முதல் வரிசையில் இருந்தார். வெளிர்நீலச் சுடிதார், மகள் வாங்கித் தந்த புது பூட்ஸ். வரிசையில் இருந்தவர்கள் அவர் காலைப் பார்த்து ஆடினார்கள். யாரோ இரண்டு கல்லூரிப் பையன்கள் தொப்பியோடு வந்து அவருக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார்கள், அவர் ஒரு கையை அசைத்து "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று தமிழிலேயே வழிநடத்தினார். ஒரு தலைகூட என்னைத் தேடவில்லை. அன்று கூடத்தில் என்னைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க முடியாது.

பாட்டு முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மேளக்காரன் நடுவுல ஓடுனான் பாத்தீங்களா? நானும் கூடவே ஓடிட்டேன்."

மார்ச் 25, செவ்வாய்

எல்லாரும் கிரீன் ஹால் கதையையே பேசிக்கொண்டிருந்ததால் வகுப்பு தாமதமாகத் தொடங்கியது. அம்மா மே மாதம் ஊருக்குப் போகிறார். அதற்குள் தெருப் பெண்களுக்குச் சொல்லித்தர எளிதாக மூன்று நடனங்கள் வேண்டுமாம். மொட்டைமாடியில் ஆடலாமா என்று கேட்டார். சிமெண்ட் தரை என்பதால் தாவல், குதிப்பு இல்லாதவையாகத் தேடுகிறேன். என் குரலைப் போனில் பதிந்து தருவதாகச் சொன்னேன். "வேண்டாம், அடவை நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

அடுத்த வாரம் முதல் வால்ட்ஸ். மூன்று மூன்றாக எண்ண வேண்டும். முதல் தட்டில் எடை இறங்க வேண்டும், மற்ற இரண்டும் லேசாக. 48 எண்ணிக்கை நடனம் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். தோல் அடி வைத்த ஷூ இருப்பவர்கள் போட்டுக்கொண்டு வாருங்கள். இல்லாதவர்களுக்குக் காலுறை என்னிடம் இருக்கிறது.