ரெண்டு இஞ்ச்

"மாஸ்டர், ரெண்டு இஞ்ச் இறக்கிடுங்க."

"சரி சார்."

அவ்வளவுதான் பேச்சு. மாதிரிக்கு வைத்திருக்கும் கில்ட்டை, அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கொசுவம் வைத்த ஸ்கர்ட்டை, கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார், கேட்டார், நான் தலையாட்டினேன். அந்த இடத்தில் "எதுக்கு சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டுமா என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. சட்டைக் கையை ஒரு இஞ்ச் நீட்டச் சொன்னால் காரணமா கேட்கிறோம்?

சட்டைக் கையைப் பிறகு மடித்துத் தைத்துக்கொள்ளலாம், கில்ட் அப்படியில்லை. அதனால்தான் இது உறுத்துகிறது.

அளவை முறையாகத்தான் எடுத்தேன். மண்டியிட்டு நிமிர்ந்து, நேராகப் பார்க்கச் சொல்லி, தொப்புள் மட்டத்திலிருந்து தரைக்கு டேப் விட்டு, அதில் ஒரு இஞ்ச் கழிப்பது. நிற்க வைத்து எடுத்தால் டேப் எங்கே வருகிறது என்று ஆள் குனிந்து பார்ப்பார், அளவு கெட்டுவிடும். அவருக்கு 23 வந்தது. பக்கிளுக்கு மேலே எழும்பி நிற்கும் பகுதி 2. ஆக 25 இஞ்ச், ஓரம் முட்டிச் சில்லின் நடுவில் நிற்கும். இறக்கினால் 27.

துணி கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள வோர்ஸ்டட் கம்பளி, முறுக்கிய நூலில் நெய்தது. 56 இஞ்ச் அகலத்தில் 4 கஜம் எடுத்து, நீளவாக்கில் பிளந்து இணைத்தால் 28 இஞ்ச் அகலத்தில் 8 கஜம் கிடைக்கும். 27 போனால் மேலே ஒரு இஞ்ச் மிச்சம், பட்டி பிடிக்க அது போதும். துணி போதாமல் இருந்திருந்தால் அன்றைக்குப் பேச்சு நீண்டிருக்கும். போதுமாக இருந்ததால் நான் யோசிக்கவே இல்லை.

கில்ட்டுக்குக் கீழே மடித்துத் தைப்பது கிடையாது. நெசவின் கரையே ஓரம். மடித்தால் ஒவ்வொரு பிளீட்டிலும், அதாவது கொசுவத்திலும், துணி இரட்டிப்பாகும், அடிப்பகுதி தடித்து விசிறி மாதிரி விரிந்து நிற்கும், நடக்கும்போது ஆடாது. கரையை வெட்டினால் பிரிந்து போகும். ஆகவே நீளம் குறைக்க மேலே இருந்துதான் வர வேண்டும். மேலேதான் வேலை முழுவதும் இருக்கிறது. இந்தத் துணியில் கட்டம் ஒருமுறை வந்து முடிய 8 இஞ்ச். பிளீட்டுக்கு ஒரு கட்டம் என்று 27 பிளீட், அதற்கே 6 கஜம் போய்விட்டது. மீதி 2 கஜம் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இரண்டு மடல்களுக்கு. சீட், அதாவது பிட்டத்தின் சுற்றளவு, 40; இடுப்பு 34. பின்பாதி 20 இஞ்ச்சை 27 பிளீட் பங்கிட்டுக்கொள்வதால் சீட்டில் ஒவ்வொன்றும் முக்கால் இஞ்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், இடுப்பில் 5/8. இந்த ஒடுக்கம் பிளீட் பிளீட்டாகக் கையால் தைத்து வருவது. அதற்குப் பிறகு உள்ளே தெரியாத துணியை வெட்டி எடுத்து, கேன்வாஸ் வைத்து, லைனிங் போட்டு மூடிவிடுகிறோம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்தவன் பேசாமல் இருந்தது தவறா, அவர் உடுப்பு அவர் இஷ்டம் என்று விட்டது சரியா? ஒரு நாள் ஒரு பக்கம் சாய்கிறேன்.

தைத்து முடித்துக் கட்டிவிட்டபோது ஒன்றும் மோசமில்லை. வலது இடுப்பில் இரண்டு பக்கிள், இடதில் ஒன்று. கில்ட் ஊசியை மேல் மடலில் மட்டும் குத்தச் சொன்னேன். இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி இழுத்துக் கிழியும். தினமும் போடுகிறவருக்குச் சொல்ல வேண்டியதையும் சொன்னேன்: உட்காரும் முன் புறங்கையால் பிளீட்டைக் கீழ்நோக்கித் தடவிவிட்டு உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் பின்பக்கம் கசங்கிப்போகும். இரவில் இடுப்புப் பட்டியைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட வேண்டும். இஸ்திரி போடும் முன் பிளீட்டுகளைக் கச்சாத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு, ஈரத்துணி வைத்து அழுத்த வேண்டும். சட்டை உள்ளே செருகியோ, இடுப்போடு நிற்கும் ஸ்வெட்டரோ பொருந்தும். பேண்ட்டுக்குத் தைத்த கோட் வேண்டாம், அது சீட்டை மூடிவிடும், உடம்பு இரண்டு துண்டாகத் தெரியும். சாக்ஸின் மேல் ஓரம் முட்டிக்கு மூன்று விரல் கீழே.

இந்த மூன்று விரலில்தான் சிக்கல். கில்ட்டின் ஓரத்துக்கும் சாக்ஸுக்கும் நடுவே கால் தெரிகிற இடைவெளி இருந்தால்தான் அந்த உடுப்பு நிற்கும். 2 இஞ்ச் இறக்கினால் இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. கால் குட்டையாகத் தெரிகிறது. அதைவிட மோசம், ஏறக்குறைய 1.8 கிலோ கம்பளியின் ஓரம் கெண்டைக்காலில் இடிக்கிறது, படி ஏறும்போது பிளீட் முழங்காலுக்குப் பின்னே மாட்டுகிறது.

சில வாரம் கழித்து வந்தார். "பாவாடை மாதிரி இருக்குன்னு சொல்றாங்க, மாஸ்டர்." பாவாடைதான், அதில் என்ன குறை என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். முட்டிக்குக் கீழே போவதாலேயே ஓர் உடுப்பு கெட்டுவிடாது. ஃபிஜியில் ஆண்கள் சுலு வகதாங்கா என்று முட்டிக்குக் கீழ் நிற்பதை, பாக்கெட்டும் பக்கிளும் வைத்துத் தைத்து, சட்டை டையோடு அலுவலகத்துக்கே கட்டுகிறார்கள். அது நேராக விழுகிறது, பிளீட் இல்லை, அதனால் அந்த நீளம் தாங்குகிறது. பின்னால் 27 பிளீட் வைத்த உடுப்புக்கு அந்த நீளத்தைக் கொடுத்ததுதான் கோளாறு.

அவர் நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஜீன்ஸ் போடும் பழக்கத்தில் இடுப்பெலும்புக்கு இறக்கிக் கட்டியிருந்தார். பக்கிளும் ஒரு துளை தளர்ந்திருந்தது. அதிலேயே ஒன்றரை இஞ்ச் போயிருக்கும். ஆக நான் இறக்கியது 2, அவர் இறக்கியது ஒன்றரை. பழி இரண்டு பேருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அந்த நிம்மதி அடுத்த பேச்சில் போய்விட்டது. "நான் கேட்டதே எங்க ஆபீஸ் ரூலுக்காகத்தான் மாஸ்டர். ஸ்கர்ட்னா முட்டி மறையணும்னு போட்டிருக்கு." பெண்களை நினைத்து எழுதிய விதி. ஆண்கள் ஸ்கர்ட் கட்டக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. 2013-இல் ஸ்டாக்ஹோம் ரயில் ஓட்டுநர்களும் 2017-இல் பிரான்சின் நான்ட் நகரப் பேருந்து ஓட்டுநர்களும் அரைக்கால்சட்டைக்கு அனுமதி இல்லாத வெயிலில் ஸ்கர்ட் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தது இப்படி ஒரு சந்தில்தான். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி விதி, இவருக்கு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அன்று காரணம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஒரே ஒரு இஞ்ச் இறக்குவோம், நிற்கும்போது சில்லு மறையும் என்றிருக்கலாம். உட்கார்ந்தால் எப்படியும் ஓரம் ஏறும், முட்டி தெரியும், 27-ஆக இருந்தாலும் அதே கதை. அல்லது நேராக விழும் வேறொன்றைத் தைக்கச் சொல்லியிருக்கலாம். அல்லது விதியைக் கேட்டதும் நானே 2 இஞ்ச் இறக்கியிருப்பேன். கடைசியாகச் சொன்னதுதான் நடந்திருக்கும் என்று சில சமயம் தோன்றுகிறது. அப்படியானால் இத்தனை நாள் எதை நினைத்து உருள்கிறேன்?

"ஆபீசுக்குப் போடறத விட்டுட்டேன். லீவு நாள்ல போடற மாதிரி ஏத்திக் குடுங்க."

பட்டியைப் பிரித்தேன், மூன்று பக்கிளையும் கழற்றினேன், லைனிங்கை எடுத்தேன். பழைய இடுப்புக்கு 2 இஞ்ச் கீழே இப்போது புது இடுப்பு. அங்கே சுற்றளவு 36-ஐத் தொடுகிறது, அதை 34-க்குக் கொண்டுவர வேண்டும். பின்பாதியின் பங்கைப் பிரித்தால் பிளீட்டுக்கு 1/27 இஞ்ச்தான் வருகிறது, ஒன்றிரண்டு இழை. அந்த ஒன்றிரண்டு இழைக்காக 27 பிளீட்டையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். கீழே தையலை இன்னும் 2 இஞ்ச் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டுக்கு மேலேயே பிளீட் பிளந்துகொள்ளும்.

மேலே மிஞ்சிய 2 இஞ்ச்சை வெட்டி எறிவதுதான் முறை. பிளீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம், மடித்தால் இடுப்பில் கயிறு கட்டியது போலத் தடிக்கும். தெரிந்தே வெட்டாமல் உள்ளே மடித்துவிட்டுப் பட்டியைப் பிடித்தேன்.

வாங்க வந்தவரிடம், தொப்புளோடு கட்டுங்கள், பக்கிளை ஒரு துளை இறுக்கிப் போடுங்கள் என்றேன். பட்டியை விரலால் தடவிப் பார்த்தார், தடிப்பு அவருக்குத் தெரிந்திருக்கும். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"சரி மாஸ்டர்" என்றார்.