15 வெள்ளைக் கோடுகளுக்காக நாலு தடவை போனேன்

ஒலியைவிட வேகமாகக் காற்று பாயும் சூப்பர்சானிக் டனலில் படிக்கட்டு வடிவ மாடலை வைத்து, அதில் எண்ணெய் பூசிக் காற்றின் தடத்தைப் பார்க்கும் ஆயில் ஃப்ளோ எடுக்கக் கிளம்பும் நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு இரண்டு மாதம் போனது.

முதல் பயணம் முழுக்க வீண். விடியற்காலையில் வடசேரியில் பஸ் ஏறி, மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து, களியக்காவிளை தாண்டி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், துறைத் தலைவர் கடிதத்தின் ஒரிஜினல் வேண்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மெயிலில் அனுப்பியதைப் போனில் காட்டினேன். அந்த கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முத்திரை வைத்த ஒரிஜினல் இரண்டு கையில் இருக்கட்டும்.

அடுத்த முறை கடிதம் சரி, வானம் சரியில்லை. கொட்டும் ஜூன் மழை. டனலுக்குப் போகும் காற்றை உலர்த்தும் டிரையரில் நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகக் கிடந்தன. அதைக் கவனிக்காமல் ரன் போட்டோம். 27 டிகிரி காற்று மாக் 2-இல், அதாவது ஒலியைப்போல இரு மடங்கு வேகத்தில், மைனஸ் 106 டிகிரிக்கு இறங்கிவிடும். ஈரம் இருந்தால் அது அங்கேயே உறைந்து ஓட்டத்தையே மாற்றிவிடும். வால்வைத் திறக்கும் முன் மணியின் நிறத்தைப் பாருங்கள்.

மூன்றாவது தடவை கோடுகள் வந்தன, காற்றுச் சுழல்கள் பூச்சில் விடும் தடங்கள். டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிகோன் எண்ணெய், சில சொட்டு ஓலிக் அமிலம் கலந்து பூசியிருந்தோம். படியில் பிரிந்த காற்று மீண்டும் மாடலின் தரையில் ஒட்டும் இடத்துக்குப் பின்னால், சீப்பால் வாரியதுபோல வரிசை. ஆனால் அதில் ஒன்று மட்டும் தடிமன். "இது சுழலா, சிராய்ப்பா?" என்று என் கைடு கேட்டார். மாடலின் முன்விளிம்பை லென்ஸில் பார்த்தேன். முடி அகலத்துக்கு ஒரு பள்ளம்! பேப்பரில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனதில், சீட் கம்பியில் இடித்திருக்கிறது. அழுகை வந்துவிட்டது.

ஒட்டும் இடத்தில் ஓட்டம் குழிவாக வளைகிறது. அப்படி வளைந்தால் எதிரெதிராகச் சுழலும் ஜோடிகள் ஓட்டத்திசையில் உருவாகும் என்று 1940-இல் ஜெர்மன் கணிதவியலாளர் கோர்ட்லர் காட்டினார். சூப்பர்சானிக் படிகளில் இந்தச் சுழல்களைத் தேடிப்போன பெல்ஜிய ஆய்வாளர் ஜினூ, முன்விளிம்பின் நுண்ணிய குறைகளே அவற்றைத் தூண்டுவதைக் கண்டார். காற்றைச் சுழல் கீழே அழுத்தும் கோட்டில் சுவர் அதிகம் சூடாகும். வளிமண்டலத்துக்குள் திரும்பும் விண்கலத்தின் ஃபிளாப்பில் (கலத்தைக் கட்டுப்படுத்தும் மடிப்புத் தகடு) அந்தக் கோடு விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் அந்த ஒரு தடித்த கோட்டை என்னால் விட முடியவில்லை.

நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சி விளிம்பை மறுபடி கிரைண்ட் செய்து, எண்ணெய்க் கல்லில் ஒரு மணி நேரம் தேய்த்துக் கொடுத்தார். "இனி பேப்பர் வேண்டாம் மக்களே" என்று காய்ந்த வாழைச்சருகை மடித்து மடித்துச் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

இன்னொன்று: ரன் ஓடும்போதே ஜன்னல் வழியாகப் படம் எடுத்துவிடுங்கள். நிறுத்தும்போது ஷாக் (அதிர்ச்சி அலை) மாடல் மேல் ஏறி எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

நாலாவது ரன்னில் தடித்த கோடு இல்லை. மற்றவையும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தன. ஆனால் இடைவெளி அதே 4 மில்லிமீட்டர்! பக்கச்சுவர் ஓரத்தை விட்டுவிட்டு எண்ணினால் 15 கோடுகள். இடத்தை விளிம்பு முடிவு செய்கிறது, இடைவெளியை ஓட்டம் முடிவு செய்கிறது. இதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் கோணத்துக்குப் போய் அண்ணாச்சியிடம் படத்தைக் காட்டினேன். கை எண்ணெயைத் துடைத்துவிட்டு, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.