ஸூல் – எர்ஃபர்ட்: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 6
அண்ணனை எர்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. ஜெர்மனியில் நான் வேலை செய்யும் ஊரான ஸூலுக்குத் திரும்பும் ரயிலில் நான் மட்டும். ஓபர்ஹோஃபுக்கு முன்னால் வரும் 3 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் இருக்கும்போது அண்ணி கூப்பிட்டார்கள். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அக்டோபர் 8
வேலை முடிந்ததும் ஆயுத அருங்காட்சியகம். மூன்றாவது தடவை. இந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷம், இப்போதுதான் இந்தப் பித்து.

வீட்டுக்கு வந்தும் அந்த இரண்டு தோட்டாக்கள்தான் கண்ணில் நிற்கின்றன: ஜெர்மன் ராணுவத்தின் பழைய தோட்டா ஒன்று, பின்னால் வந்த குட்டைத் தோட்டா ஒன்று. இரண்டின் குண்டும் 7.92 மில்லிமீட்டர். அடிப்பாகத்தின் அகலமும் ஒன்றே. மருந்து அடைக்கும் கூட்டின் நீளம் மட்டும் 57 மில்லிமீட்டரிலிருந்து 33 ஆகக் குறைந்துவிட்டது. சுமார் 27 கிராம் இருந்த தோட்டா 17 ஆகிவிட்டது. சிப்பாய் பெரும்பாலும் 400 மீட்டருக்குள்தான் சுடுகிறான், ஆனால் அவனிடம் இருந்ததோ ஆயிரம் மீட்டர் தாண்டியும் கொல்லும் தோட்டா. அதைத் தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி உதைக்கிற உதையில் குறி மேலே ஏறிவிடும். பிஸ்டல் தோட்டா போடும் சப்மெஷின்கன் அடக்கமாகச் சுடும், ஆனால் 200 மீட்டரில் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டியிருந்தது. மாக்டெபர்க்கின் போல்டே நிறுவனம் அந்தத் தோட்டாவைச் செய்தது. அதற்கு ஒரு துப்பாக்கி செய்யச் சொல்லி 1938-இல் இதே ஊரின் ஹேனல் நிறுவனத்திடம், ஹூகோ ஷ்மைஸரிடம், வேலையைக் கொடுத்தார்கள். எல்லாரும் துப்பாக்கியின் முன்னால்தான் நிற்கிறார்கள். எனக்கு அந்தக் குட்டைத் தோட்டாவை விட்டு நகர முடியவில்லை.

அக்டோபர் 9
ஸ்கேன் இன்று இல்லையாம்.

அக்டோபர் 10
இன்றும் இல்லை. திங்கட்கிழமையாம்.

அக்டோபர் 13
டாக்டர் மில்லிமீட்டரில் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். நாள் முழுக்க மில்லிமீட்டரோடு பிழைப்பவன் நான். நூறில் ஒரு பங்கு பிசகினாலும் துண்டை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவேன். ஆனால் இந்த ஒரு எண் கைக்குள் அடங்க மறுக்கிறது.

"சின்னதுதான் அண்ணி" என்றேன்.
"எவ்வளவு சின்னது தம்பி?"

அக்டோபர் 15
இரவு ஷிஃப்ட். மில்லிங் மெஷின் பக்கத்தில் இரும்புச் சீவல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. பழைய ராணுவத் துப்பாக்கிகளையும் இப்படித்தான், கட்டி எஃகைக் கடைந்து கடைந்து செய்தார்கள். பாதிக்கு மேல் சீவலாகப் போகும். போர்க்காலத்தில் அதற்கு எஃகும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் புதிய துப்பாக்கியின் உடலைத் தகட்டில் பிரஸ் அடித்து, மடித்து, வெல்டு வைத்தார்கள். தகட்டு வேலையில் ஃபிராங்க்ஃபர்ட்டின் மெர்ட்ஸ் நிறுவனம் உதவியது. உடலில் ஓடும் அந்த மேடும் பள்ளமும் அழகுக்காக அல்ல, மெல்லிய தகடு வளையாமல் இருக்க. பித்தளைத் தட்டுப்பாட்டால் தோட்டாக் கூட்டையும் எஃகில் செய்து அரக்கு பூசினார்கள்.

போட்டிக்கு இன்னொரு துப்பாக்கி செய்த வால்தர் நிறுவனம் இருந்தது ஸெல்லா-மேலிஸில், என் ரயிலின் வழியில். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

ஹிட்லர் புதிய தோட்டாவை ஏற்கவில்லை. ஆயுதத் துறை வேலையை நிறுத்தவில்லை. எம்பி 43 என்று பெயரை மாற்றி, சப்மெஷின்கன் கணக்கில் எழுதித் தொடர்ந்து செய்தார்கள். 1944-இல் அவரே சம்மதித்த பிறகுதான் ஷ்டுர்ம்கெவேர், அதாவது தாக்குதல் துப்பாக்கி, என்ற பெயர் வந்தது. போர் முடிவதற்குள் சுமார் 4,25,000 செய்துவிட்டார்கள்.

வேறு பெயர் சொல்லி விஷயத்தை மறைப்பது. அண்ணியிடம் நான் செய்துகொண்டிருப்பதும் அதுதான்.

அக்டோபர் 17
பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் சிம்சன் மொப்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிம்சன் குடும்பம் யூதர்கள், இதே ஊரில் துப்பாக்கி செய்தவர்கள். நாஜிகள் தொழிற்சாலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1936-இல் குடும்பம் நாட்டை விட்டே தப்பிப் போனது. வண்டியில் அவர்கள் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. மனசே சரியில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "இதையெல்லாம் ஏன்டா இப்போ படிக்கிற?" என்றான்.

அக்டோபர் 20
ஆபரேஷன் 24-ஆம் தேதி.

அக்டோபர் 22
1946-இல் இதே வாரம்தான் ஷ்மைஸரைக் குடும்பத்திலிருந்து பிரித்து... இல்லை, தவறாக எழுதுகிறேன். அவரையும் மற்ற ஜெர்மன் நிபுணர்களையும் சோவியத்காரர்கள் ரயிலேற்றி ரஷ்யாவில் உரால் பக்கம் இஷெவ்ஸ்குக்குக் கொண்டுபோனார்கள். ஏகே-47 பிற்பாடு அதே ஊரில் உற்பத்தியானதால், அதையும் அவர்தான் வரைந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் நம்பவில்லை. கலாஷ்னிகோவ் தன் துப்பாக்கியான அந்த ஏகே-47-ஐ உருவாக்கியது வேறொரு ரஷ்ய ஊரான கோவ்ரோவில். ஷ்மைஸரின் துப்பாக்கியில் சுடும்போது தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் சாய்ந்து பூட்டும், கலாஷ்னிகோவினுடையதில் திரும்பிப் பூட்டும். உள்ளே திறந்து பார்த்தால் வேறு வேறு ஆட்களின் கை தெரியும். ஒற்றுமை என்றால் தோட்டாவில்தான்: கூடு 39 மில்லிமீட்டர், அதே நடு அளவு.

ஆறு வருஷம் அங்கே என்ன செய்தாரோ. ரயிலில் ஏறும்போது திரும்பி வருவோம் என்று நினைத்திருப்பாரா?

அக்டோபர் 23
ஷ்மைஸர் 1952-இல் திரும்பினார். 1953 செப்டம்பர் 12 அன்று, 68 வயதில், எர்ஃபர்ட் நகர மருத்துவமனையில் நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தார்.

இன்றைக்கா இதைப் படிக்க வேண்டும். எர்ஃபர்ட். நுரையீரல். அது 1953, அது 1953 என்று சுரங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 24
7 மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நாலு மணி நேரம் என்றார்கள்.

அண்ணியிடம் எண்ணைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்கள்.

மணி 11.20.