மிச்சம் மீதி ஃப்ரைடு ரைஸ்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் எந்தக் காயும் முழுதாகத் தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அரை கேரட், கால் குடமிளகாய், வாடியும் வாடாமலும் நாலைந்து பீன்ஸ், ஒரு பிடி முட்டைகோஸ். எல்லாம் தனித்தனி டப்பாவில் இருக்கும். அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன்) எதையும் தூக்கிப் போட மனசு வராது. மூன்று பட்டாணி மிஞ்சினாலும் அதற்கென்று ஒரு மூடி தேடுவார். கேட்டால், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார். அந்த 'எதுக்காவது' கடைசியில் ஃப்ரைடு ரைஸாகத்தான் வந்து முடியும்.

முந்தின ராத்திரியே திட்டம் போட்டு, கொஞ்சம் தாராளமாகவே சாதம் வடித்திருந்தேன். மிஞ்சியதை அகலமான தட்டில் பரப்பி, சூடு தணிந்ததும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் அதை வெளியே எடுத்ததும் அத்தை ஆரம்பித்தார்.

"இப்படி விறைச்சுக் கிடக்கே! பேசாம மேஜையிலயே மூடி வெச்சிருக்கலாம்ல?"

என் மகள் படிக்கிற பிள்ளை. எங்கே வாய்ப்புக் கிடைக்கும் என்று காத்திருப்பவள். "பாட்டி, அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கும். அதோட வித்துகள் கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது. சாதத்தை வெளியிலயே ராத்திரி முழுக்க வெச்சா முளைச்சுப் பெருகிடும். அது விடுற நச்சுல ஒரு வகை, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது."

"கெட்டுப்போனா மூக்கு சொல்லிடும்."

"இது சொல்லாது பாட்டி. வாடையே வராம இருக்கலாம்."

அத்தை ஒரு நிமிஷம் தட்டையே பார்த்தார். "இத்தனை பேரு உள்ள இருக்காங்கன்னு தெரிஞ்சுதான் தினம் எனக்குச் சோறு போடறீங்களா?"

இதற்குப் பதில் சொன்னால் சமையல் நடக்காது. ஆனால் விறைப்பு பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். ஃப்ரைடு ரைஸுக்கு அந்த விறைப்புத்தான் முதல். சாதம் குளிரும்போது அதிலுள்ள மாவுச்சத்து திரும்ப இறுகிக்கொள்ளும், மேலே இருக்கும் ஈரமும் கொஞ்சம் காயும். அதனால்தான் எவ்வளவு கிளறினாலும் பருக்கை பருக்கையாக நிற்கிறது. சுடச்சுட வடித்த சாதத்தைப் போட்டுக் கிளறுபவர்கள் பிறகு கரண்டியைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

தட்டின் வட்டம் அப்படியே இருக்க, சாதம் ஒரே வில்லையாகப் பெயர்ந்து வந்தது. கையை லேசாக நனைத்துக்கொண்டு உதிர்க்க ஆரம்பித்தேன். அழுத்திப் பிசைந்தால் பருக்கை உடையும். விரல் நுனியால் தேய்த்துவிட்டால் போதும், பொலபொலவென்று பிரியும். கடைசி நாலு கட்டிகள் மட்டும் பிடிவாதமாக இருந்தன. அவற்றை வாணலி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

முட்டையைப் பொரித்துத் தனியே எடுத்து வைத்தேன், பூண்டு வதக்கினேன், காய்களைப் போட்டேன். இதுவரை அமைதி. வாசனை போன திசையிலிருந்து வீட்டுக்காரர் வந்தார்.

"நகரு, நான் காட்றேன். கரண்டியால கிளறினா அது ஃப்ரைடு ரைஸே இல்ல. தூக்கிப் போடணும்."

வீடியோ பார்த்திருக்கிறார். தூக்கிப் போடுவது ஒன்றும் விளையாட்டில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சமையல்காரர்கள் ஃப்ரைடு ரைஸைச் சுண்டுவதைப் படம்பிடித்து ஆராய்ந்து 2020-ல் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். வாணலியை அடுப்பை விட்டு முழுதாகத் தூக்காமல், அடுப்பின் விளிம்பிலேயே ஆட்டிச் சுண்டுகிறார்களாம். ஒரு சுண்டுக்கு ஏறக்குறைய ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம். எங்கள் வீட்டில் ஒரு சுண்டுக்கு முன்னால் தோளை உருட்டி, கால்களை அகட்டி, "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சொல்லவே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆனது.

மேலே போனது நாலு கரண்டி. கீழே வந்தது மூன்று. மீதி அடுப்பு மேடையில், சுவர் ஓடுகளில், கொஞ்சம் அவர் தோளில். ஒரு பீன்ஸ் துண்டு அத்தையின் காபிக்குள் சரியாக விழுந்தது.

"வாணலி சரியில்லை" என்று கரண்டியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

வாணலியை ஏன் குறை சொல்ல வேண்டும்? உணவக அடுப்பின் தணல் வேறு, வீட்டு அடுப்பின் தணல் வேறு. நம் அடுப்பில் மொத்தச் சாதத்தையும் ஒன்றாகக் கொட்டினால் வாணலி சூடு இறங்கிப்போய் எல்லாம் ஆவியில் வேகும், வறுபடாது. ஆகவே இரண்டு பாதியாகப் பிரித்து வறுத்தேன். வாணலியில் படபடவென்று சத்தம் கேட்கும்வரைதான் அது வறுவல். சத்தம் அடங்கினால் கும்பல் கூடிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் சோயா சாஸ். எப்போதிலிருந்தோ ஃப்ரிட்ஜ் கதவில் தலைகீழாகத் தவம் செய்துகொண்டிருந்த பாட்டில், தட்டத் தட்ட ஏழெட்டுச் சொட்டு தந்தது. மகள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். இத்தனை காலமும் பார்சல் சாப்பாட்டோடு வந்த குட்டி சாஸ் பாக்கெட்டுகள் அத்தனையும் அங்கே. "இங்கே கிழிக்கவும்" என்று போட்டிருக்கும் இடத்தில் மட்டும் கிழியவே கிழியாது. பல்லால் கடித்தால் முதல் சொட்டு சட்டைக்கும் இரண்டாவது நாக்குக்கும் போகும், வாணலிக்கு வருவது அதன் பிறகுதான்.

"இன்னும் ஊத்து, நிறமே வரலை" என்றார் வீட்டுக்காரர். நிறத்துக்காக ஊற்றுகிற சமாசாரம் இல்லை அது. ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுதுக்குமே 2,000-க்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தனியாக உப்பே போடாமல் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் தட்டு எடுக்கத் திரும்பிய இடைவெளியில்தான் அது நடந்தது. அத்தை ஒரு டப்பாவைத் திறந்து வாணலியில் கவிழ்த்துவிட்டார். அன்னாசிப்பழத் துண்டுகள்.

"பாட்டி!"

"வீணாப் போகுதேன்னு போட்டேன். இனிப்புத்தானே, என்ன ஆயிடும்?"

எனக்கும் பகீர் என்றுதான் இருந்தது. ஆனால் தாய்லாந்தில் அன்னாசி போட்ட ஃப்ரைடு ரைஸ் பேர்போனது என்று நினைவு வரவே, வாயைத் திறக்காமல் தீயைக் கூட்டினேன். துண்டுகளின் ஓரம் லேசாகக் கருகிப் பொன்னிறமாகி, சோயா சாஸின் உப்போடு சேர்ந்து ஒரு வாசனை எழுந்தது. மூக்கைப் பொத்தி நின்ற மகள் கையை எடுத்தாள். தட்டில் வந்ததும் போட்டோ எடுத்தாள். வீட்டுக்காரர் மூன்றாம் தடவை போட்டுக்கொண்டபோது, "தூக்கிப் போட்டதாலதான் இந்த ருசி" என்றார். யாரும் மறுக்கவில்லை, வாயில் சோறு இருந்தது.

அடுத்த வாரம் மகள், "அதே மாதிரி பண்ணும்மா" என்றாள். எந்த மாதிரி? என்னென்ன போட்டோம் என்பதில் நாலு பேருக்கும் நாலு பட்டியல். பட்டாணி இருந்ததா இல்லையா என்பதிலேயே அரை மணி நேரம் போனது. ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை, அன்னாசி. வீட்டுக்காரர் உடனே கிளம்பிப் போய், கொண்டையோடு முழு அன்னாசி ஒன்றை வாங்கி வந்து மேஜை மேல் வைத்தார்.

அத்தை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முழுசா வாங்கிட்டு வந்தா எப்படிடா செய்யறது? ரெண்டு நாள் எல்லாரும் சாப்பிடுங்க. மிஞ்சினா பார்க்கலாம்."