17 நாள் கெடு

மார்ச் 4

வீடு வாங்க ஏஜென்டுடன் உட்கார்ந்து ஆஃபர் எழுதினோம். விலை சீக்கிரமே முடிவாகிவிட்டது, நிபந்தனைகளுக்குத்தான் மாலை முழுக்கப் போனது. லோன், அப்ரைசல் (வீட்டின் மதிப்பீடு), இன்ஸ்பெக்‌ஷன், டைட்டில் (வீட்டின் உரிமை) என ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்டிஞ்சென்சி, அதாவது நிபந்தனை. அதில் எது சரிவராவிட்டாலும் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகலாம். கலிபோர்னியா படிவத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டால், இன்ஸ்பெக்‌ஷனுக்கும் லோனுக்கும் 17 நாள் கெடு.

போட்டி பலமாக இருக்கிறது, நிபந்தனைகளை விட்டுக்கொடுத்தால் வீடு நமக்குத்தான் என்று ஏஜென்ட் ஜாடையாகச் சொன்னார். அவருக்கென்ன, வீடு முடிந்தால்தானே கமிஷன்! அக்காவுக்கு போன் போட்டேன். "டேய், மத்ததை எப்படியோ பண்ணிக்கோ. லோன் நிபந்தனையில மட்டும் கை வைக்காதே. நாளைக்கே உன் வேலை போச்சுன்னா பேங்க் கையை விரிச்சிடும். முன்பணத்தை யார் திருப்பித் தருவா?"

மார்ச் 6

விலை 8,20,000 டாலருக்கு விற்பவர் சம்மதம். இன்ஸ்பெக்‌ஷனை மட்டும் 10 நாளில் முடிக்கச் சொன்னார், சரி என்றோம். முன்பணம் 3 சதவீதம், அதாவது 24,600 டாலர், எஸ்க்ரோவுக்கு, அதாவது பணத்தைப் பொதுவில் வைத்திருக்கும் மூன்றாம் தரப்புக்குப் போகிறது. நிபந்தனைகளை நீக்கிய பிறகு நாங்கள் பின்வாங்கினால் அவர் வைத்துக்கொள்ளும் நஷ்டஈடு அது. இரு தரப்பும் அந்தப் பத்தியில் சுருக்கொப்பம் போட்டோம். குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு இந்த மாநிலச் சட்டம் அந்த நஷ்டஈட்டைப் பொதுவாக 3 சதவீதத்தோடு நிறுத்துகிறது.

மார்ச் 11

இன்ஸ்பெக்‌ஷன். 1962இல் கட்டிய வீடு. 1978க்கு முந்தையது என்பதால் ஈயப் பெயின்ட் அறிவிப்பு தனியாக வந்தது. அந்தச் சோதனைக்கு மத்திய சட்டமே 10 நாள் அவகாசம் தருகிறது. கூரை பரவாயில்லை. சாக்கடைக் குழாய்க்குள் கேமராவை விட்டபோதுதான் சோதிக்க வந்தவர் நின்றுவிட்டார். களிமண் குழாயின் இணைப்பில் மர வேர் புகுந்து, வாராத தலைமுடி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. இதைப் பார்க்காமல் வாங்கியிருந்தால் என்ற நினைப்பே வயிற்றைக் கலக்கியது.

மார்ச் 15

குழாய் மாற்ற 9,000 டாலர் கேட்டோம், 6,000 தர ஒப்புக்கொண்டார். இன்ஸ்பெக்‌ஷன் நிபந்தனையை மட்டும் நீக்கிக் கையெழுத்துப் போட்டோம். இங்கே தேதி தாண்டியதாலேயே நிபந்தனை விலகிவிடாது, வாங்குபவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு இடங்களில், ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்து, தேதி தாண்டினாலே உரிமை போய்விடலாம்.

மார்ச் 20

அப்ரைசல் 7,95,000 டாலர்தான். என் மனைவிக்கு ஒரே கோபம். விலை, மதிப்பு இரண்டில் குறைவானதற்குத்தான் வங்கி 80 சதவீதம் தரும். 6,56,000க்குப் பதில் 6,36,000. கையிலிருந்து 20,000 கூடுதலாகப் போட வேண்டும். அப்ரைசல் நிபந்தனை உயிரோடு இருந்ததால்தான் பேரம் பேச முடிந்தது. ராத்திரி வரை இழுத்து விற்பவர் 10,000 குறைத்தார். மீதி 10,000 எங்கள் தலையில்.

மார்ச் 24

லோன் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. வங்கியோ மறுபடியும் சம்பளச் சீட்டு கேட்கிறது. விற்பவரிடமிருந்து நோட்டீஸ்: 2 நாளில் நிபந்தனையை நீக்கு, இல்லையேல் ஒப்பந்தத்தை ரத்து செய்வேன். அப்படி அவர் ரத்து செய்தால் முன்பணம் எங்களுக்கே, ஆனால் வீடு போய்விடும். "லோன் எப்படியும் வந்துடும் சார், நீக்கிக் கையெழுத்தைப் போட்டுடுங்க" என்றார் ஏஜென்ட். வாய்வார்த்தையை நம்பி எப்படிப் போடுவது? அவகாசம் கேட்டு எழுதினோம், பதில் இல்லை.

மார்ச் 26

காலையில் வங்கியின் இறுதி ஒப்புதல் எழுத்தில் வந்தது. அதைப் படித்த பிறகே லோன், அப்ரைசல், டைட்டில் மூன்றையும் நீக்கிக் கையெழுத்து. இனிமேல் மனசு மாறினால் முன்பணம் போய்விடும். பணம் பட்டுவாடா ஆகும்வரை புதுக் கடன் எதுவும் வாங்காதீர்கள் என்று வங்கிக்காரர் சொல்லியிருக்கிறார். கார் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.