வடக்குத் தீவுகள் கேள்வி வந்தால் ஜூலையைப் பாருங்கள்

"காலநிலை தாவரங்களையும் நிலத்தோற்றத்தையும் எப்படித் தீர்மானிக்கிறது? வடக்குத் தீவுகளைக் கொண்டு விளக்குக." புவியியல் தாளில் இந்த மாதிரிக் கேள்வி வந்தால் பலரும் குளிரைப் பிடித்துக்கொள்கிறார்கள். கடுங்குளிர், அதனால் மரம் இல்லை, அதனால் தூந்திரா, அதாவது பாசியும் குட்டைச் செடியும் மட்டுமே உள்ள குளிர்நிலம். தவறில்லை, ஆனால் அதோடு பதில் தீர்ந்துபோகிறது. இந்தப் பகுதி எனக்குப் பிடிபட்டது, ஜனவரி வெப்பநிலையை ஓரமாக வைத்துவிட்டு ஜூலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான்.

சைபீரியாவின் யாகுட்ஸ்க் பக்கம் ஜனவரி சராசரி மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே. ஆனாலும் அங்கே லார்ச் காடுகள் நிற்கின்றன, ஏனென்றால் அதன் கோடை நல்ல வெப்பம். மரம் வளர்வதற்குத் தேவை அந்தச் சில வாரங்கள்தான். மிக வெப்பமான மாதத்தின் சராசரி 10 டிகிரியைத் தொடாத இடத்தில் பொதுவாக மரம் எழும்புவதில்லை. உலகக் காலநிலைகளை வகைப்படுத்திய கோப்பென் தூந்திராவுக்கு வைத்த எல்லையும் இதுவே. விடையின் முதல் பத்தியில் இந்த ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்து, தீவுகளைத் தனித்தனியாகப் படிக்காமல் ஜோடியாகப் படியுங்கள். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக், கனடாவின் பாஃபின் தீவிலுள்ள இகாலுயிட் இரண்டும் ஏறக்குறைய 64 டிகிரி வடக்கில் உள்ளவை. முதலாவதன் ஜனவரி சராசரி 0 டிகிரியை ஒட்டி இருக்கும், இரண்டாவதில் மைனஸ் 25-க்கும் கீழே. ஜூலையிலோ ரெய்க்யவிக் 10 டிகிரிக் கோட்டைத் தாண்டுகிறது, இகாலுயிட் தாண்டுவதில்லை. ஒரு பக்கம் வட அட்லாண்டிக் நீரோட்டத்தின் வெப்பம், மறுபக்கம் ஆர்க்டிக்கிலிருந்து இறங்கும் குளிர்நீர். ஒரு சின்ன வரைபடத்தில் இரண்டு அம்புக்குறி போட்டால் அரைப் பக்க எழுத்து மிச்சம்.

சரி, 10 டிகிரியைத் தாண்டினால் மரம் வந்துவிடுமா? ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலுள்ள ஃபாரோ தீவுகள் இங்கேதான் கைகொடுக்கும். ஜனவரியில்கூடச் சராசரி உறைநிலைக்கு மேலேயே இருக்கும், ஜூலையில் சுமார் 11 டிகிரி. ஆனாலும் 18 தீவுகளும் வெறும் புல்வெளி. உப்புத்துளி சுமந்து ஓயாமல் அடிக்கும் காற்று, அதற்கு மேல் துளிர்விடும் எதையும் விடாமல் மேயும் ஆடுகள். வேலி போட்டு நட்ட இடங்களில் மரம் வளர்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், வாதம் கெட்டிப்படும்.

ஐஸ்லாந்தில் மனிதனின் பங்கு இன்னும் பெரிது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள் குடியேறியபோது நிலத்தில் 25 முதல் 40 சதவீதம் வரை பிர்ச் காடும் புதரும் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். இன்று சுமார் 2 சதவீதம்தான். வெட்டியதும் மேய்த்ததும் ஒரு பாதி, எரிமலைச் சாம்பலால் ஆன இளகிய மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது மறு பாதி. அந்த மண்ணைப் பிடித்து நிறுத்த 1945இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்த லூபின் செடி இப்போது உள்ளூர்ச் செடிகளின் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. படத்தில் அதன் ஊதாப் பூ வயல் என்னவோ அழகுதான்!

நிலத்தோற்றம் என்ற பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கு நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் போதும். அதன் முக்கிய ஊரான லாங்யியர்பியன் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழையும் பனியும்தான், கணக்குப்படி பாலைவனம். ஆனால் கோடையில் பள்ளத்தாக்குகள் சதுப்பாகிவிடும். காரணம், மேல்மண் மட்டும் உருகும், கீழே நிரந்தரமாக உறைந்த நிலம் தண்ணீரை இறங்கவிடாது. அந்த மேலடுக்கு மீண்டும் மீண்டும் உறைந்து உருகும்போது கற்கள் பிரிந்து வட்டங்களாக ஒதுங்குகின்றன, சரிவுகளில் ஈரமண் மெல்ல வழுகி இறங்குகிறது. ஒரு குறுக்குவெட்டுப் படம் போட்டுவிடுங்கள். செடிகள் இதற்கேற்பத் தரையோடு ஒட்டி வாழ்கின்றன. துருவ வில்லோ ஒரு மரக்கட்டைச் செடிதான், ஆனால் உயரம் சில சென்டிமீட்டர். தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிட வெப்பம், வேகமும் குறைவு. அப்புறம் பறவைப் பாறைகள், அதாவது கடற்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் செங்குத்துப் பாறைகள். கடலில் இரை தின்ற பறவைகள் போடும் எச்சம் விழும் சரிவுகள் மட்டும் சுற்றியிருக்கும் நிலத்துக்குப் பொருந்தாத பச்சையில் இருக்கும். ஊட்டச்சத்துக் குறைவும் ஒரு தடை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்களிடமிருந்து உங்கள் விடையைப் பிரித்துக் காட்டப்போவது ராங்கல் தீவு. ரஷ்யாவின் வடகிழக்கில், 71 டிகிரி வடக்கில், கோடையும் குளிர்ந்தே இருக்கும் இடம். ஆனால் அங்கே 400க்கும் மேற்பட்ட வகைத் தாவரங்கள், பாசியும் லைக்கனும் சேர்க்காமலேயே. ஸ்வால்பார்டில் அதில் பாதிகூட இல்லை. ராங்கல் கடந்த பனியுகத்தில் பனிப்பாளத்தின் அடியில் புதையவில்லை, பெருநிலத்தோடும் இணைந்திருந்தது. ஸ்வால்பார்ட் பெரும்பாலும் பனிக்குள் கிடந்தது, பிறகு கடல் தாண்டி விதை வர வேண்டியிருந்தது. ஆக, இன்றைய காலநிலையோடு பழைய காலநிலையும் கணக்கில் வரும்.

பெரிய கேள்விக்கு நேரம் குறைந்தால் ஐஸ்லாந்துப் பத்தியைச் சுருக்குங்கள், ராங்கல் பத்தியைக் குறைக்காதீர்கள். 10 மதிப்பெண் கேள்வி என்றால் ரெய்க்யவிக்–இகாலுயிட் ஜோடி, ஃபாரோ, ஸ்வால்பார்ட் குறுக்குவெட்டு மூன்றும் போதும்.