டொலர் குறி விழுங்கிய கடவுச்சொல்

கோண்டாவிலில் எங்கள் சனசமூக நிலையத்தில் பழைய ஆண்டு மலர்களையும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளையும் (இறந்தவர் நினைவாக வெளியிடும் சிறு நூல்கள்) ஸ்கான் பண்ணி இணையத்தில் ஏற்றி வருகிறோம். 1981இல் யாழ் நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த காலத்தைக் கண்ட தலைவர் ஐயா, எதையும் ஒரே இடத்தில் வைக்க விடமாட்டார். அதனால் படங்களை நாஸ் பெட்டிக்கு (வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) மாற்றி, தளம் ஓடும் உபுண்டு லினக்ஸ் சேர்வரை அதனோடு இணைக்கும் வேலை என்னிடம் வந்தது.

பெட்டியின் கோப்புறையைச் சேர்வரோடு இணைக்கும் மவுண்ட் கட்டளையைத் தட்டினேன். பிழை 13, அனுமதி மறுப்பு. கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவிலும் லொகின் தோல்வி என்றுதான் இருந்தது. அதே பெயர், அதே கடவுச்சொல்லோடு விண்டோஸ் மடிக்கணினியில் உடனே திறந்தது. பெட்டி பழையது, கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் பதிப்புத்தான் பொருந்தவில்லை என்று நினைத்து 3.0, 2.1 என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு இரவு போனது.

காலையில் நிலைமை இன்னும் மோசம். சேர்வரிலிருந்து பெட்டியை எட்டவே முடியவில்லை. தம்பி ஒருவர்தான், "அண்ணை, பெட்டியின்ரை தடைப் பட்டியலை ஒருக்கா பாருங்கோ" என்றார். தவறான முயற்சிகள் கூடியதால் சேர்வரின் ஐபியைப் பெட்டி தானாகவே தடுத்து வைத்திருந்தது. உங்களுக்கும் பிழை 13 திரும்பத் திரும்ப வந்தால் முதலில் இதைப் பாருங்கள். தடை இருக்கும்வரை சரியான கடவுச்சொல்லும் பலிக்காது.

தடையை நீக்கிவிட்டு எஸ்எம்பி கிளையண்ட் என்ற கருவியால் முயன்றேன். அது கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தேன், உள்ளே போனது! அப்படியானால் கணக்கும் சரி, வலையமைப்பும் சரி. மவுண்டில் மட்டும் என்ன வித்தியாசம்? அங்கே கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதியிருந்தேன். அதன் நடுவில் டொலர் குறி, அதையடுத்து 25. கட்டளைகளை வாசித்து இயக்கும் ஷெல், டொலர் குறியையும் 2ஐயும் சேர்த்து ஒரு மாறியின் பெயராக எடுத்து, அதற்கு மதிப்பு இல்லாததால் அந்த இடத்தை வெறுமையாக்கிவிடும். டொலர் குறியும் 25உம் இருந்த இடத்தில் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 5 மட்டும்தான்.

பெயரையும் கடவுச்சொல்லையும் தனிக் கோப்பொன்றில் எழுதி, உரிமையாளர் மட்டும் வாசித்து எழுதக்கூடிய 600 அனுமதி வைத்து, அதன் பாதையை மட்டும் கட்டளையில் கொடுத்தேன். ஒரே தடவையில் இணைந்தது. கடவுச்சொல்லை அங்கே வைப்பதுதான் பாதுகாப்பும். கட்டளை வரியில் எழுதினால் ஷெல் வரலாற்றிலும் தங்கிவிடும்.

படங்கள் தளத்தில் தெரிந்தன, புதிதாக ஏற்றத்தான் முடியவில்லை. இது லொகின் பிழையல்ல. மவுண்ட் ரூட் எனும் நிர்வாகியின் பெயரில் இருந்தது, வலைச் சேர்வரோ வேறு பயனராக ஓடுகிறது. உபுண்டுவில் அந்தப் பயனரின் எண் 33. மவுண்டில் யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டையும் 33 ஆக்கியதும் சரி.

கரண்ட் போய் வந்தால் பெட்டி எழும்ப சேர்வரைவிட அதிக நேரம் எடுக்கும். எனவே முதல் தடவை கோப்பைக் கேட்கும்போதே மவுண்ட் ஆகும்படி மவுண்ட் விபரங்கள் இருக்கும் எஃப்எஸ்டாப் கோப்பில் ஓட்டோமவுண்ட் சேர்த்தேன். பிறகு இரண்டையும் முறையாக நிறுத்தி, ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். பெட்டி எழும்பியதும் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.